முச்சந்திக் கேள்விகள்

இங்கிலாந்து தேசத்தில் வாரந்தோறும் ஒரு விசித்திரமான பரீட்சை நடக்கிறது. ஹால் டிக்கெட் கிடையாது. பாடப் புத்தகம் கிடையாது. எழுபது வயதுத் தாத்தாவும் அவருடைய பேத்தியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, காதோடு காதாக விவாதித்து, ஒரே தாளில் விடை எழுதலாம். தோற்றால் யாரும் திட்டுவதில்லை. ஜெயித்தால் சிறு பரிசு உண்டு. பரீட்சை நடக்கும் இடம்தான் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். மதுக்கடை!

முகத்தைச் சுளிக்க வேண்டாம். அங்கே அதை 'பப்' என்கிறார்கள். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். கிராமத்துத் திண்ணை, காப்பி ஹோட்டல், வாசகசாலை இந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படிப்பட்ட இடம். எலுமிச்சைச் சாறு மட்டும் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது அவர்களுடைய குவளை அல்ல, கேள்விகள்.

வெள்ளி, சனிக்கிழமைகளில் கடை நிரம்பி வழியும். மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டும். அந்த வெறும் இரவுகளில் ஆட்களை வரவழைப்பதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது பிறந்ததுதான் 'பப் க்விஸ்'. 1976-ல் ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் தென் இங்கிலாந்தில் பல பப்புகளைச் சேர்த்து முறையான போட்டிகளை ஆரம்பித்தார்கள். அது காட்டுத்தீபோல் பரவிவிட்டது.

போட்டி நடக்கும் விதம் வெகு எளிது. மேஜைக்கு நாலு முதல் ஆறு பேர் வரை ஒரு கோஷ்டி. கோஷ்டிக்கு ஒரு கேலிப் பெயர். ஆளுக்கு ஒரு பவுனோ இரண்டு பவுனோ நுழைவுக் கட்டணம். 'க்விஸ் மாஸ்டர்' ஒலிபெருக்கியில் கேள்வி கேட்பார். சரித்திரம், பூகோளம், சினிமா, சங்கீதம், சமையல் என்று சுற்றுக்கு ஒரு விஷயம். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த மேஜையுடன் தாளை மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும். கைப்பேசியைத் தொட்டால் தொலைந்தது, வெளியேற வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் உண்டு: மாஸ்டர் சொல்வதே முடிவான விடை. அப்பீல் கிடையாது!

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் 'டிரிவியா' என்று பெயர். இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. மூன்று வீதிகள் கூடும் இடத்துக்கு லத்தீனில் 'டிரிவியம்' என்று பெயர். அசல் முச்சந்தி! முச்சந்தியில் நின்று பேசுகிற சில்லறை விஷயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் சில்லறைதானா? பார்த்துவிடுவோம்.

இதோ பத்துக் கேள்விகள். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும்வரை கீழே எட்டிப் பார்க்கக் கூடாது.

1. ஐரோப்பாவில் நடந்த 'நூறு வருஷப் போர்' எத்தனை வருஷம் நடந்தது?

2. பனாமா தொப்பி எந்த தேசத்துச் சரக்கு?

3. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி, இன்று நாம் பார்க்கும் காலண்டர்படி எந்த மாதத்தில் நடந்தது?

4. கானரித் தீவுகளின் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் பிராணி எது?

5. வாழைப்பழம், கத்தரிக்காய், ஸ்ட்ராபெரி. தாவர சாஸ்திரப்படி இவற்றில் எது 'பெரி' அல்ல?

6. மனிதன் கட்டியவற்றில், சந்திரனில் நின்று வெறும் கண்ணால் பார்த்தால் தெரிவது எது?

7. சூரியனைச் சுற்றும் கிரகங்கள் எத்தனை? 'புளூட்டோ' என்ற பெயரைச் சொன்னது யார்?

8. டெலிவிஷன் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் என்ன?

9. உலகத்தின் முதல் பெண் பிரதமர் யார்?

10. 'மானோபலி' விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யார்?

எழுதியாயிற்றா? சரி, தாளைப் பக்கத்திலிருப்பவருடன் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெயரை நம்பி மோசம் போகிறவர்கள்

முதல் நாலு கேள்விகளும் ஒரே வகை. விடையைக் கேள்வியே சொல்லிக்கொடுப்பது போலிருக்கும். அங்கேதான் சூழ்ச்சி!

நூறு வருஷப் போர் 1337-ல் ஆரம்பித்து 1453-ல் முடிந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 116 வருஷம் இழுத்தடித்த சண்டை. நடுநடுவே ஓய்வு உண்டு. பின்னால் வந்த சரித்திராசிரியர்கள்தான் ரவுண்டாக 'நூறு' என்று பெயர் சூட்டினார்கள்.

பனாமா தொப்பி பனாமாவில் தோன்றியதல்ல. ஈக்குவடார் நாட்டுக் கைவேலை. 'டோக்கியா' என்ற ஒரு வகை ஓலையைக் கிழித்து, மெல்லிய இழையாக்கி, கையாலேயே பின்னுகிறார்கள். அந்தத் தொப்பிகள் பனாமா வழியாக வெளியுலகத்துக்கு விலைபோயின. 1906-ல் பனாமா கால்வாய் வேலையைப் பார்வையிடப் போன அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்தத் தொப்பியோடு படம் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்பானேன்? நெய்தவர்கள் பெயர் போய், வழியில் இருந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. ஈக்குவடாரின் அந்த நெசவுக் கலையை 2012-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலாசாரச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

அக்டோபர் புரட்சி நடந்தது 1917 நவம்பர் 7-ந் தேதி. அப்போது ரஷ்யாவில் பழைய ஜூலியன் காலண்டர் வழங்கி வந்தது. அது 13 நாள் பின்தங்கியிருந்தது. ஆகவே அவர்களுக்கு அன்று அக்டோபர் 25. ஊருக்கு ஊர் பஞ்சாங்கம் வேறுபட்டால் என்ன குழப்பம் வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

கானரித் தீவு என்றதும் மஞ்சள் நிறக் குருவி எழுதியிருப்பீர்கள். விடை நாய்! லத்தீனில் 'கானிஸ்' என்றால் நாய். நாய்கள் மிகுந்த தீவு என்ற பொருளில் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். தீவின் பெயரைத்தான் பிற்பாடு குருவிக்கு வைத்தார்கள். குருவியால் தீவுக்குப் பெயர் வரவில்லை. தீவால் குருவிக்குப் பெயர் வந்தது.

சமையலறையும் சாஸ்திரமும்

ஐந்தாவது கேள்வியில் குடும்பப் பெண்கள் கோட்டை விட்டிருந்தால் அது அவர்கள் குற்றமல்ல. சமையலறைக்கு ஒரு கணக்கு, தாவர சாஸ்திரத்துக்கு ஒரு கணக்கு. ஒரே பூவின் ஒரே சூலகத்திலிருந்து உருவாகி, உள்ளே சதைப்பற்றும் அதற்குள் விதைகளும் இருந்தால் சாஸ்திரம் அதை 'பெரி' என்கிறது. அந்த இலக்கணப்படி வாழைப்பழம் ஒரு பெரி. கத்தரிக்காயும் ஒரு பெரி. தக்காளியும் மிளகாயும்கூட அந்த ஜாதிதான். பெயரிலேயே 'பெரி' வைத்துக்கொண்டிருக்கும் ஸ்ட்ராபெரிக்கு அங்கே இடமில்லை! நாம் ருசித்துச் சாப்பிடும் அதன் சிவப்புச் சதை, பூவின் அடிப்பாகம் பருத்து உண்டானது. மேலே புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கனி.

இதைக் கோர்ட்டுக்கே இழுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் இறக்குமதியாகும் காய்கறிக்குச் சுங்க வரி இருந்தது, பழத்துக்கு இல்லை. 'தக்காளி பழம்தானே, வரியைத் திருப்பிக் கொடு' என்று வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 1893-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று: சாஸ்திரப்படி அது பழமாக இருக்கலாம், ஆனால் ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் தின்பண்டமாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே வரிக்கு அது காய்கறியே! சமையலறை ஜெயித்தது.

இதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளலாம். விடை சரியா தப்பா என்பதற்கு முன்னால், யாருடைய கணக்குப்படி என்று கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த பொய்

ஆறாவது கேள்விக்குச் 'சீனப் பெருஞ்சுவர்' என்று எழுதியவர்களுக்குப் பூஜ்யம். எத்தனையோ புத்தகங்கள் அப்படி எழுதின. மனிதன் சந்திரனுக்குப் போவதற்கு முன்பே எழுதின என்பதுதான் வேடிக்கை! பார்க்காமலே எழுதியதைப் படிக்காமலே நம்பினோம். சுவர் நீளம்தான், அகலம் ஒரு சாதாரணச் சாலைக்குமேல் இல்லை. சந்திரனோ சராசரியாக 3,84,400 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெறும் கண்ணுக்கு மனிதனுடைய எந்தக் கட்டடமும் தெரியாது. 2003 அக்டோபரில் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் பூமியைச் சுற்றிவிட்டு வந்தார். அவர் சுற்றியது பூமிக்குச் சில நூறு கிலோ மீட்டர் உயரத்தில்தான். பெருஞ்சுவர் தன் கண்ணுக்குப் படவில்லை என்று அவரே சொன்னார். சரியான விடை: எதுவும் இல்லை.

ஏழாவது கேள்விக்கு வயதைப் பார்த்து மார்க் போட வேண்டும். 2006-க்கு முன் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் ஒன்பது என்பார்கள். அப்போது அது சரி. 2006 ஆகஸ்டு 24-ந் தேதி சர்வதேச வானியல் சங்கத்தார் கூடி, 'கிரகம்' என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். புளூட்டோ அந்த இலக்கணத்துக்குள் அடங்காமல் 'குறுங்கிரகம்' ஆயிற்று. ஆகவே இப்போது எட்டு.

அந்தப் பெயரின் கதை இன்னும் இனிமையானது. 1930-ல் அமெரிக்காவில் கிளைடு டோம்பா அந்தக் கோளைக் கண்டுபிடித்த செய்தி பத்திரிகையில் வந்தது. ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு தாத்தா காலை ஆகாரம் சாப்பிட்டுக்கொண்டே அதை உரக்க வாசித்தார். பக்கத்திலிருந்த 11 வயதுப் பேத்தி வெனிஷியா பர்னி, "புளூட்டோ என்று வைத்தால் என்ன?" என்றாள். ரோமாபுரிப் புராணத்தில் இருண்ட பாதாள லோகத்தின் தேவன் புளூட்டோ. அந்தத் தாத்தா 'சரி சரி, ஆகாரத்தைச் சாப்பிடு' என்று அடக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ வானசாஸ்திரப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னார். அவர் அமெரிக்காவுக்குத் தந்தி கொடுத்தார். அதே பெயர் நிலைத்தது. தாத்தா பேத்திக்கு ஐந்து பவுன் பரிசளித்தார். புளூட்டோவுக்குப் போன 'நியூ ஹொரைசன்ஸ்' விண்கலத்தில் தூசியை எண்ணும் ஒரு கருவிக்கு வெனிஷியாவின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வேண்டுமென்றே வைத்த பொறி

எட்டாவது கேள்விக்கு ஒரு வழக்கே உண்டு.

அழுக்கு மழைக்கோட்டும் சுருட்டுமாக வந்து, 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்று திரும்பி நின்று கொலைகாரனைக் கதிகலங்க வைக்கும் கொலம்போவை அமெரிக்க டெலிவிஷன் பார்த்தவர்கள் மறக்க முடியாது. பீட்டர் ஃபாக் நடித்த பாத்திரம். அவருடைய முதற்பெயரைத் தொடரில் யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஃபிரெட் வொர்த் என்பவர் 1974-ல் ஒரு டிரிவியா கலைக்களஞ்சியம் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான தகவல்களைச் சேகரித்த உழைப்பு. நாளைக்கு யாராவது அப்படியே காப்பியடித்தால் என்ன செய்வது? ஒரு தந்திரம் செய்தார். 'கொலம்போவின் முதற்பெயர் பிலிப்' என்று தாமே கற்பனை செய்த ஒரு பொய்யை உள்ளே நுழைத்து வைத்தார்.

கனடாவில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரு நண்பர்கள் 1979-ல் 'டிரிவியல் பர்சூட்' என்ற கேள்வி விளையாட்டை உருவாக்கினார்கள். பெட்டி பெட்டியாக விற்றது. வீட்டுக்கு வீடு பரவியது. அதில் ஒரு சீட்டு: கொலம்போவின் முதற்பெயர் என்ன? விடை: பிலிப்!

வொர்த் துள்ளிக் குதித்து எழுந்தார். 1984-ல் 30 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டுக்காரர்கள் அவருடைய புத்தகத்தையும் பார்த்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தகவல் யாருக்கும் சொந்தமல்ல, பல புத்தகங்களைப் பார்த்துத் தொகுப்பது குற்றமல்ல என்று வாதாடினார்கள். கோர்ட்டும் அதையே ஏற்றது. 1987-ல் அப்பீலிலும் வொர்த் தோற்றார்.

அவர் வைத்த பொறியில் எலி அகப்பட்டது; ஆனால் எலிக்குத் தண்டனை இல்லை. பொய் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. எத்தனை வீடுகளில் 'பிலிப்' என்று சொன்னவருக்கு மார்க்கும், தெரியாது என்றவருக்குப் பூஜ்யமும் விழுந்திருக்கும்! தொடரில் கொலம்போ நீட்டும் அடையாள அட்டையை உற்றுப் பார்த்தவர்கள் அதில் 'ஃபிராங்க்' என்று எழுதியிருப்பதைக் கண்டார்கள். ஆகவே 'ஃபிராங்க்' என்று எழுதியவருக்கு ஒரு மார்க்.

சீட்டில் அச்சாகும் பெயர்

ஒன்பதாவது கேள்விக்கு மார்கரெட் தாட்சர் என்று எழுதும் ஆங்கிலேயர்கள் உண்டு. அவர் பதவிக்கு வந்தது 1979-ல். இந்திரா காந்தி என்று எழுதியவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள், அவர் 1966-ல். முதல்வர் நமக்கு அண்டை வீட்டுக்காரர். இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்கா, 1960 ஜூலை 21-ந் தேதி பிரதமரானார். முந்திய வருஷம்தான் பிரதமராக இருந்த கணவர் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தார். மூன்று முறை அவர் அந்தப் பதவியை வகித்தார். மூன்றாவது முறை, ஜனாதிபதியாக இருந்த மகள் சந்திரிகாவே தாயாரைப் பிரதமராக நியமித்தார்! 2000 அக்டோபர் 10-ந் தேதி, தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அவர் காலமானார்.

பத்தாவது கேள்வியில்தான் இந்த வாரத்து விஷயமே இருக்கிறது.

மானோபலி தெரியாத வீடு உண்டா? பகடை உருட்டி, தெருவை வாங்கி, வீடு கட்டி, எதிராளியிடம் வாடகை வசூலித்து ஓட்டாண்டியாக்கும் விளையாட்டு. கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் டாரோ என்று பல க்விஸ் புத்தகங்கள் சொல்லின. அதற்கு ஓர் அழகான கதையும் உண்டு. அமெரிக்காவில் பொருளாதார மந்தம். வேலை போன மனிதர். குடும்பத்தைக் காப்பாற்ற வீட்டில் உட்கார்ந்து ஒரு விளையாட்டை வரைகிறார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதை வாங்குகிறது. லட்சாதிபதி ஆகிறார்!

கண்ணீர் வரவழைக்கும் கதை. ஆனால் அசல் கதை முப்பது வருஷம் முந்தியது.

எலிசபெத் மேகி என்ற பெண்மணி. சுருக்கெழுத்து வேலை பார்த்துத் தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவர். நிலம் சிலர் கையில் குவிவதால் மற்றவர்கள் எப்படி ஏழையாகிறார்கள் என்று ஜனங்களுக்குக் காட்ட நினைத்தார். பிரசங்கம் செய்தால் யார் கேட்பார்கள்? விளையாட்டாகவே செய்துவிட்டார். 'நிலச்சுவான்தார் விளையாட்டு' என்று பொருள்படும் பெயரில் 1904-ல் அதற்குப் பேடண்ட் பெற்றார். பலகையைச் சுற்றிக் கட்டங்கள், வாடகை, மூலையில் 'ஜெயிலுக்குப் போ' எல்லாம் அதிலேயே இருந்தன. இரண்டு வித விதிகளையும் வகுத்தார். ஒன்றில் செல்வம் பெருகினால் எல்லாருக்கும் பங்கு. மற்றொன்றில் ஒருவனே எல்லாவற்றையும் விழுங்குவான். எது நல்லது என்று ஆடிப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்பது அவர் எண்ணம்.

விளையாட்டு கைமாறிக் கைமாறி, பலகையைத் துணியிலும் காகிதத்திலும் படியெடுத்து, ஊர் ஊராகப் பரவியது. நண்பர் வீட்டில் அதை ஆடக் கற்றுக்கொண்டவர்தான் டாரோ. பார்க்கர் கம்பெனி மேகியின் பேடண்டையும் 1935-ல் வாங்கியது. கொடுத்த தொகை 500 டாலர். விற்பனையில் பங்கு ஒரு காசு கிடையாது. 1936-ல் மேகி தன் பழைய பலகைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்காரர்களிடம் முறையிட்டார். அதற்குள் டாரோவின் கதை உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. 1948-ல் மேகி காலமானபோது அவர் பெயர் விளையாட்டுப் பெட்டியில் இல்லை.

உண்மை வெளிவந்ததும் ஒரு வழக்கினால்தான். 1970-களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 'ஆன்டி மானோபலி' என்று ஒரு விளையாட்டு வெளியிட்டார். பெயர்ச் சண்டை மூண்டு கோர்ட்டுக்குப் போயிற்று. தம் வழக்குக்காகப் பழைய தஸ்தாவேஜுகளைத் தோண்டினார். உள்ளே எலிசபெத் மேகி இருந்தார்!

எல்லாரும் பொதுவாக ஆட வேண்டும் என்று ஒரு பெண் வகுத்த விதிகள் மறைந்தன. ஒருவனே விழுங்கும் விதிகள் விற்பனையாயின. அவளையே அந்த விதி விழுங்கிவிட்டது.

இது பழங்காலத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 1967-ல் கேம்பிரிட்ஜில் 24 வயது ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல், நீள நீளமான காகிதச் சுருள்களில் பதிவான ரேடியோ அலைக் கோடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கிறுக்கலைக் கவனித்தார். 'பல்சார்' என்னும் துடிக்கும் நட்சத்திரம் அப்படித்தான் அகப்பட்டது. 1974-ல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருடைய பேராசிரியருக்குப் போயிற்று. மாணவியின் பெயர் பட்டியலில் இல்லை. 2018-ல் அவருக்கு 30 லட்சம் டாலர் கொண்ட வேறொரு பெரும் பரிசு கிடைத்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? அவ்வளவையும் பௌதிகம் படிக்க வழியில்லாத மாணவர்களுக்கு, பெண்களுக்கும் அகதிகளுக்கும் உட்பட, உபகாரச் சம்பளமாகக் கொடுத்துவிட்டார்.

கேள்வி கேட்பவர் 'கண்டுபிடித்தவர் யார்?' என்று ஒரு வரியில் கேட்கிறார். ஒரு பெயர் எழுதத்தான் இடமிருக்கிறது. அந்த இடத்தில் யார் பெயர் விழுகிறதோ அவரைத்தான் நம் குழந்தைகள் மனப்பாடம் செய்கிறார்கள். முச்சந்தி விஷயம் சில்லறை என்று எப்படிச் சொல்வது?

சமமாக நின்றால்

இரண்டு கோஷ்டிகள் ஒரே மார்க் வாங்கிவிட்டால் பப்பில் ஒரு கடைசிக் கேள்வி போடுவார்கள். விடை ஓர் எண்ணாக இருக்கும். மிக நெருங்கி எழுதியவர் ஜெயித்தவர். உங்கள் வீட்டிலும் தகராறு என்றால் இதைக் கேளுங்கள்: 1856-ல் எவரெஸ்டு சிகரத்தின் உயரம் எத்தனை அடி என்று அறிவித்தார்கள்?

விடை 29,002. அந்த மாபெரும் நில அளவை 1802-ல் நம் சென்னையில், பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கியது. உயரத்தைக் கணக்கிட்டதில் முக்கியமானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித மேதை. சிகரத்துக்கோ, 1843-லேயே ஓய்வு பெற்றுப் போய்விட்ட ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் கிடைத்தது. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்.

இம்மாதிரித் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே பிறந்த புத்தகம் ஒன்று உண்டு. 1951-ல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன சர் ஹியூ பீவருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வாதம்: ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் எது அதிவேகம்? எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. பீவர், கின்னஸ் மதுபானக் கம்பெனியின் நிர்வாகி. தினமும் பப்புகளில் எத்தனை பேர் இப்படி மோதிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தோன்றிற்று. 1955-ல் வெளிவந்தது 'கின்னஸ் சாதனைப் புத்தகம்'.

ஸ்திரீகளுக்கு இந்தக் கலை வராது என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இரண்டு செய்தி சொல்லி வையுங்கள். பி.பி.ஸி.யின் கடினமான 'மாஸ்டர்மைண்ட்' போட்டி 1972-ல் ஆரம்பித்தது. முதல் மூன்று வருஷமும் பட்டம் வென்றவர்கள் பெண்களே. பிரிட்டனில் 'கோடீசுவரர்' போட்டியின் முழுப் பரிசான பத்து லட்சம் பவுனை முதன்முதலில், 2000 நவம்பரில், தட்டிக்கொண்டு போனவர் ஜூடித் கெப்பல் என்ற தோட்டக்கலை நிபுணர். கடைசிக் கேள்வி: அக்விட்டேன் எலினார் ராணியின் கணவர் எந்த மன்னர்? இரண்டாம் ஹென்றி என்றார், ஜெயித்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். ஒரு கோஷ்டியில் பாட்டி, பள்ளிக்கூடப் பையன், காலேஜ் பெண் என்று கலந்து போடுங்கள். பப்பில் ஜெயிக்கிற மேஜைகளின் ரகசியமும் அதுதான். எல்லாரும் ஒரே வயதாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் தெரியும். கேள்வி தயாரிப்பவர் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும், எங்கே படித்தது, எந்த வருஷத்து நிலவரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். யாராவது 'அது தப்பு' என்று ஆட்சேபித்தால் அதட்ட வேண்டாம். தேடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். நம் வீட்டில் அப்பீல் உண்டு!

பத்துக்கு எட்டுக்குமேல் வாங்கியவர்களுக்கு இன்றைக்கு ஒரு டம்ளர் காப்பி கூடுதல். நாலுக்குக் கீழே வாங்கியவர்கள் காப்பியைக் கலந்து கொடுக்கட்டும். வீட்டு ஆண்களாக இருந்தால் மிகவும் விசேஷம்.

அடுத்த வாரம்வரை யோசிக்க ஒரு கேள்வி: மழையில் மோட்டார் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கிறதே, அந்தத் துடைப்பானுக்கு 1903-ல் அமெரிக்காவில் பேடண்ட் பெற்றவர் யார்? ஒரே ஒரு குறிப்பு. மீசை வைத்த முகத்தைக் கற்பனை செய்துகொண்டு தேடாதீர்கள்.